மண்ணில் வைக்காத எலுமிச்சை

அப்துல் கனி என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. பல வருஷமாக என் மனசில் கிடக்கிற குறை அதுதான். நான் செய்த வேலைக்கு அவர் செருப்பைக் கழற்றியிருக்கலாம். நாலு பேர் நடுவில் பொய்யன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி, ஒரு மாசம் முறைத்துக்கொண்டு திரிந்து, அப்புறம் டீக்கடையில் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும். அந்த ஆள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் மல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் கடைகள் இருக்கிற தெருவில் அவர் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுப்பார். சொந்த ஊர் வீரசோழன். தெருவில் அவருக்கு சாக்கு பாய் என்று பெயர். கோணி ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்திருப்பார். தையல் உட்கார்ந்து செய்கிற வேலை. அவரால் உட்காரத்தான் முடியாது. ஒரு சாக்கைத் தைத்து முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து தெருக்கோடி வரை போய் வருவார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார். வீடு விஷயமும் அப்படித்தான். பதினேழு வருஷத்தில் எட்டு வாடகை வீடு. ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை என்பார். ஒரு வீட்டில் அடுத்த வீட்டுப் புகை. ஒரு வீட்டில் எதிர்வீட்டு ரேடியோ. அவர் மனைவி மீரான் பீவி பாதிப் பாத்திரங்களைச் சாக்கை விட்டு வெளியே எடுப்பதே இல்லை.

"எடுத்து வச்சா மறுபடி கட்டணும், கோட்டைண்ணே. இந்த மனுசன் கால்ல என்னத்தக் கட்டி விட்டாங்களோ" என்பார்.

நான் கோட்டைச்சாமி. முதலில் டயர் மாட்டு வண்டி, அப்புறம் வேன். அந்த எட்டு வீட்டுக்கும் சாமான் ஏற்றியவன் நான்தான்.

முதல் வீட்டை விட்டது மட்டும் அவர் பிரியப்பட்டு விட்டது இல்லை. அங்கே கிணற்றடியில் ஓர் எலுமிச்சைக் கன்றை நட்டு ஐந்து வருஷம் வளர்த்தார். அது முதல் காய்ப்புக்கு வந்த 1983-ல் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் கேட்டுவிட்டார். பாய் மரத்தைத் தோண்டி எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் சிரித்தார். எங்கள் தெருக்களில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. குடியிருந்தவர் கையால் தூக்க முடிந்தது அவருக்கு. எடுக்க மண்வெட்டி வேண்டும் என்றால் அது வீட்டுக்காரருக்கு. துவைக்கிற கல்லுக்கும் அதே நியாயம், மரத்துக்கும் அதே நியாயம். பாய் பழுத்த பழம் ஒன்றைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியில் ஏறினார்.

இரண்டாவது வீட்டில் அந்தப் பழத்தின் விதையைச் சாக்கில் போட்டார். மண்ணில் போடவில்லை.

நான் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவர் யோசித்துத்தான் செய்தார். வெறும் கரிசல் மண்ணைச் சாக்கில் போட்டால் தண்ணீர் பட்டதும் சகதி, காய்ந்ததும் கல். அதனால் கண்மாய் வண்டலோடு ஆட்டுப் புழுக்கையும், கமிஷன் கடையில் மல்லி புடைக்கும்போது பறக்கிற சருகுத் தூளையும் கலந்தார். சாக்கின் வாயைப் பாதி வரைக்கும் வெளிப்பக்கமாக மடித்துவிட்டார். அடியில் நாலு செங்கல். தரைக்கும் சாக்குக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. பக்கவாட்டில் இரண்டு புறமும் இரட்டைச் சாக்கில் காது மாதிரி வளையம் தைத்தார். அதில் ஒரு மூங்கிலை நுழைத்தால் இரண்டு பேர் தோளில் தூக்கலாம்.

சணல் சாக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இற்றுப்போகும். அப்போது பழசைப் பிரிக்காமல் அதன் மேலேயே புதுச் சாக்கைச் சுற்றித் தைப்பார். ஒரு தடவை பழசு தானாகவே உரிந்து விழுந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு கோட்டை. துணிய விட்டு வெளிய வந்த வேரு காத்துப் பட்டுக் காஞ்சு நின்னுருச்சு. உடனே உள்ளுக்குள்ள கிளைச்சிருக்கு. வீட்டுக்குள்ளயே சுத்தி வாரான் பாரு."

"உம்ம மாதிரி இல்ல அப்ப" என்றேன்.

மீரான் பீவி அடுப்படியில் இருந்து சிரித்தார்.

தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுவதை அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் நின்றுதான் செய்வார். கை கழுவிய தண்ணீர், வாய் கொப்பளித்த தண்ணீர், கால் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கு. ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை நடக்கிற ஊரில் ஐந்து வேளையும் அந்த எலுமிச்சைக்கு நாக்கு நனைந்தது. மிளகாய், கத்தரி, மருதாணி என்று வேறு சின்னச் சாக்குகளும் வரிசையாக இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் என் வண்டியில் முதலில் ஏறுவது எலுமிச்சை. அதற்கு அப்புறம்தான் அரிசிப் பானை. தெருவில் போனால் பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சாக்கு பாய் தோட்டத்துக்கு வேட்டி கட்டிக் கூட்டிட்டுப் போறாரு" என்று ஒரு கிழவர் சொன்னது ரொம்ப நாள் ஓடியது. ஆனால் 1988-ல் அது காய்க்க ஆரம்பித்தது. என் வேனை வாங்கிய அன்றைக்கு நாலு சக்கரத்துக்கும் வைத்த எலுமிச்சை அந்த மரத்துடையதுதான்.

எட்டாவது வீடு சௌந்தரபாண்டியன் வீடு. வெல்ல மண்டி வைத்திருந்தவர், வம்பு தும்புக்குப் போகாதவர். கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும். பாய் அங்கே மூன்று வருஷம் இருந்தது எங்களுக்கெல்லாம் அதிசயம். இருந்தாலும் சாக்கை இருக்க விடமாட்டார். வெயிலுக்கு ஓரிடம், நிழலுக்கு ஓரிடம். என் தோளைத்தான் கேட்பார்.

1994 ஐப்பசியில் அவருக்கு இருமல் முற்றியது. வத்தல் தூசியும் சாக்குத் தூசியும் நெஞ்சில் ஏறிவிட்டன. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார்கள். மீரான் பீவியும் துணைக்குக் கிளம்பினார். காரியாபட்டி வழி பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய நேரத்தில் என்னைக் கையைப் பிடித்துச் சாக்கடிக்குக் கூட்டிப்போனார்.

"வாரம் ஒரு நாள் வந்து இதச் சாய்ச்சுப் பாரு. அடியில நூலு மாதிரி வேர் எறங்கியிருக்கும். கையால வழிச்சு விட்டுரு. மழைக்குச் செங்கலுக்கு நடுவுல மண்ணு சேரும். தள்ளி விட்டுரு. அம்புட்டுத்தான்."

"இதுக்கு என்னத்துக்கு பாய் இம்புட்டுப் பேச்சு? நான் பாத்துக்கிறேன்."

"மறந்துராத."

"வாங்க பாய், பஸ்ஸு கிளம்பிரும்."

முதல் வாரம் போனேன். வேர் வழித்தேன். இரண்டாவது வாரம் தூத்துக்குடி உப்பு லோடு வந்தது. மூன்றாவது வாரமும் அதே. நடுவில் அந்த வருஷத்து மழை அடித்து ஊற்றியது. நாலாவது வாரம் நினைவு வந்தது. ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று படுத்துவிட்டேன். வீட்டுக்காரர் மனைவி கோகிலாம்பாள் வேறு, பாய் இல்லையே என்று இரக்கப்பட்டு, மழை விட்ட நாளில் எல்லாம் மரத்துக்குக் குடம் குடமாக ஊற்றியிருக்கிறார். முற்றத்து மண் கரைந்து வந்து செங்கலுக்கு நடுவே முழுசாக அடைத்துவிட்டது. அது எனக்கு அப்போது தெரியாது.

ஐந்து வாரம் கழித்து பாய் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "வேரு வழிச்சியா?"

"வாரா வாரம்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் மரத்தடியில் குனிந்தார். செங்கலுக்கு நடுவே கையை விட்டார். கை நுழையவில்லை. சாக்கை நெஞ்சோடு அணைத்துச் சாய்த்துப் பார்த்தார். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல், "மழை ஜாஸ்தி போல" என்றார். அவ்வளவுதான்.

மெதுவாக ஒரு மூன்று மாசம் கிடைத்திருந்தால் அவரே வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருப்பார். அந்தக் கார்த்திகைக் கடைசியில் சௌந்தரபாண்டியன் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் ஜெயக்குமார் சொந்தமாக வியாபாரம் ஆரம்பிக்கிறானாம், வீட்டைக் குடோனாக ஆக்க வேண்டுமாம், தை பிறக்குமுன் காலி செய்தால் புண்ணியம் என்றார். பாய்க்கு அதில் வருத்தம் இல்லை. மகள் ஆசிபா வீடு வீரசோழனில் இருந்தது. மருமகன் சிக்கந்தர் சவுதியில் இருந்து அனுப்பிக் கட்டிய வீடு. அங்கேயே போய்விடுவதாகச் சொன்னார்.

கோகிலாம்பாள்தான் மரத்தடிக்கு வந்தார்.

"பாய், இத மட்டும் விட்டுட்டுப் போங்க. ஒரு மாசம் என் கையால தண்ணி ஊத்தியிருக்கேன். ஊறுகாய்க்கு இனி எவ கடையில போயி நிப்பேன்?"

"பழம் அனுப்பி வைக்கிறேன் தாயி. மரம் சாக்குல நிக்குது. என்னோட வரும்."

ஜெயக்குமார் வந்து காலால் ஓர் எத்து எத்தினான். சாக்கு அசையவில்லை.

"எங்க பாய் வருது? அது எங்க மண்ணுல காலை ஊனிருச்சு. இனிமே வீட்டோட சேர்ந்தது."

பாய் அங்கும் இங்கும் நடந்தார். கிணறு வரைக்கும் போவார், திரும்புவார். அவர் வாழ்க்கையில் ஒரே பொருளைப் பதினோரு வருஷம் விடாமல் வைத்திருந்தார் என்றால் அது இந்த மரம்தான். இதையும் முதல் வீட்டு மரத்தைப் போல விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் அந்த ஆள் என்ன ஆவார் என்று எனக்கே பயமாக இருந்தது.

சத்தம் கேட்டுத் தெரு கூடியது. சைக்கிள் கடை பால்சாமி பேச்சுக்கு எல்லாரும் கட்டுப்படுவார்கள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நியாயம் சொன்னார்.

"சாக்குல இருக்குன்னா பாய் தூக்கிட்டுப் போகட்டும். மம்பட்டி, கடப்பாரை, அருவா எதுவும் மண்ணுல படக்கூடாது. மார்கழி முடியிறதுக்குள்ள கையால தூக்குனா பாய்க்கு. இல்லேன்னா மரம் வீட்டுக்கு. சரியா?"

"சரி" என்றார் பாய்.

மறுநாள் காலையில் நானும் இன்னும் மூன்று பேரும் மூங்கிலை நுழைத்துத் தூக்கினோம். ஒரு காது பிய்ந்துகொண்டு வந்தது. சாக்கு ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. ஜெயக்குமார் வாசற்படியில் உட்கார்ந்து, "மரத்துக்கு வலிக்குது, விட்டுருங்க" என்றான்.

பாய் எங்களைத் தள்ளிப் போகச் சொன்னார். காலரில் இருந்து ஊசியை எடுத்துக் கிழிந்த இடத்தை நின்றபடியே தைத்தார். பிறகு, "கோட்டை, வாளியக் கொண்டா" என்றார்.

"எதுக்கு?"

"தண்ணி ஊத்தக் கூடாதுன்னு பால்சாமி சொல்லலையே."

கிணற்றில் இறைத்து இறைத்துச் சாக்கைச் சுற்றி ஊற்றினோம். காலையில் இருந்து உச்சி வரை. சாயந்தரம் மறுபடி. மறுநாளும் அதே. கரிசல் குடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் காலை வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற பதம் வந்தது. அப்போது பாய் சகதிக்குள் இறங்கி, மரத்தின் தூரைப் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் என்று ஆட்ட ஆரம்பித்தார். இழுக்கவில்லை. ஆட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே வேர்கள் ஒவ்வொன்றாக விடுகிற சத்தம் கேட்டது. ஈரச் சணல் அறுகிற மாதிரி ஒரு சத்தம். இருமல் வந்தால் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு இருமுவார், மறுபடி ஆட்டுவார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பாய், வாரா வாரம் நான் வரல. மொத வாரம் மட்டுந்தான் வந்தேன். உம்மகிட்டப் பொய் சொன்னேன்."

அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

"தண்ணிய ஊத்து" என்றார்.

நான் ஊற்றினேன்.

சாயந்தரம் ஐந்து மணி வாக்கில் சாக்கு லேசாக மிதந்தது. ஒரு பக்கம் மட்டும் வரவில்லை. பாய் சகதியில் ஒருக்களித்துப் படுத்துக் கையை அடியில் விட்டுத் தடவினார். என் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வேர் நேராகக் கீழே போயிருந்தது. அதை ஆட்டி அறுக்க முடியாது.

கோகிலாம்பாள் உள்ளே போய் அரிவாளைக் கொண்டு வந்து நீட்டினார். "அறுத்துக்கோங்க பாய். நான் சொல்றேன், யாரும் கேக்க மாட்டாக. உங்க நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?"

"வேணாந்தாயி. அருவா பட்டுச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

என் வேனில் லோடு கட்டுகிற நைலான் கயிற்றில் இருந்து ஒரு புரியை உரித்துத் தரச் சொன்னார். அதன் முனையைக் கோணி ஊசியில் கோத்துச் சாக்குக்கு அடியில் விடப்போனார்.

"ஊசி இரும்புதானே?" என்றான் ஜெயக்குமார்.

"ஏலே, ஊசியும் மம்பட்டியும் ஒண்ணா? அப்ப நீ ஊசிய வச்சுக் கெணறு வெட்டுவியோ?" என்றார் பால்சாமி. கூட்டம் சிரித்தது.

பாய் சிரிக்கவில்லை. ஊசியைக் கழற்றிக் காலரில் குத்திக்கொண்டு, புரியை விரலாலேயே தள்ளி வேரைச் சுற்றி வாங்கினார். ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில். அவர் இழுக்க நான் விட, நான் இழுக்க அவர் விட, ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தோம். நைலான் என் உள்ளங்கையைக் கிழித்தது. நான் கையை மாற்றவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம்.

நாலு பேர் தூக்கி வேனில் வைத்தோம். இரும்பு எதுவும் மண்ணில் படவில்லை. பாய் மரத்தில் இருந்த காய்களை எல்லாம், பிஞ்சைக் கூட விடாமல் பறித்துக் கோகிலாம்பாள் முந்தானையில் போட்டார்.

"இத வச்சிருந்தா மரத்துக்குப் பாரம். ஊறுகாய் போடுங்க" என்றார்.

வீரசோழன் போகிற வழியில், திருச்சுழி தாண்டும்போதே இலை வாடத் தொடங்கிவிட்டது. பாய் முன்னால் உட்காரவில்லை. பின்னால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார். ஒரு வாரத்தில் இலை மொத்தமும் கொட்டியதாக ஆசிபா சொல்லி அனுப்பினாள். மாசியில் போனேன். மகள் வீட்டுக் கொல்லையில், நாலு செங்கல் மேல், வெறும் முள்ளாக நின்றது. பாய் விரல் நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருப்பதைக் காட்டினார். "இருக்கான்" என்றார். பங்குனியிலும் இலை இல்லை. நான் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு புது இடத்தில் நகம் பட்டிருக்கும். சித்திரை வெயிலில், எல்லா மரமும் வாடுகிற நேரத்தில், அது இரண்டு இடத்தில் துளிர்விட்டது.

துளிர் வந்த அளவுக்குப் பாய்க்கு மூச்சு வரவில்லை. நடக்க முடியாமல் போனதும் கட்டிலை நடக்க வைத்தார். காலையில் கொல்லையில் போடு, வெயில் ஏறினால் உள்ளே போடு, பிறகு வாசலுக்குப் போடு. மீரான் பீவியும் மகளும் கட்டிலைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தார்கள்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. மருமகன் சிக்கந்தர் லீவில் வந்திருந்தார். நல்ல பிள்ளை. மாமனார் மனசு குளிரட்டும் என்று கொல்லையில் தன் கையாலேயே இடுப்பளவு குழி வெட்டி, எருவும் போட்டு ஆற வைத்திருந்தார். தொழுகை முடிந்து வந்ததும் மரத்தைக் குழியில் இறக்கலாம், தூக்க ஆள் வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிவிட்டிருந்தார். நான் போனபோது அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். பாய் கட்டில் குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. மரத்தில் இலை அடர்ந்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் நாலைந்து பூக்கூட வந்திருந்தது.

"கடைசியில மண்ணுக்கு வந்துட்டான் போங்க. இனி உமக்கும் நிம்மதி, எனக்கும் தோள் மிச்சம்" என்றேன்.

அவர் குழியைப் பார்த்தார். என்னைப் பக்கத்தில் குனியச் சொன்னார்.

"இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?"

"உம்ம மருமகன் பேர்ல. அதுக்கென்ன? இங்க யாரு காலி பண்ணச் சொல்லப் போறா?"

"யாரும் சொல்ல மாட்டாக. தங்கமான புள்ள." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஆசிபாவுக்குன்னு நான் ஒண்ணும் செய்யல, கோட்டை. பாத்திரமெல்லாம் மாப்பிள்ள வீட்டோட சேர்ந்துருச்சு. இது ஒண்ணுதான். குழியில எறக்கிட்டா இதுவும் வீட்டோட சேர்ந்துரும். அவ என்னைக்காச்சும் எந்திரிச்சுப் போகணும்னு நெனச்சா, தூக்கிட்டுப் போக ஒரு பொருளு இருக்கட்டும்."

"சிக்கந்தர் மனசு வருத்தப்படுமே பாய். கையில கொப்புளம் வர வெட்டியிருக்காரு."

"நான் சொல்லிக்கிறேன்." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்; முடியவில்லை. "மம்பட்டி வேலியோரம் கெடக்கு. மருமகன் தொழுதுட்டு வாரதுக்குள்ள அந்தக் குழிய மூடிரு."